துண்டுக்குள் பேச்சு

ஆட்டுச் சந்தையில் வாய் இருப்பது வெற்றிலை போடுவதற்கு. விலை பேசக் கை இருக்கிறது. கையை மறைக்கத் துண்டு இருக்கிறது. விற்பவனும் வாங்குபவனும் வலக்கையைக் கோத்து, மேலே துண்டைப் போட்டு, மழை வருமா என்று வானம் பார்ப்பவர்கள் போல முகத்தை வைத்துக்கொண்டு விரல்களால் பேசுவார்கள். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று. நடுக்கணுவை அழுத்தினால் அரை. உள்ளங்கையைச் சுரண்டினால் இன்னும் கொஞ்சம் ஏறி வா என்று பொருள். கையை உதறினால் போய் வா என்று பொருள். சுற்றி நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. தெரியக் கூடாது என்பதுதான் தொழிலே.

எடப்பாடிப் பக்கத்துச் சந்தைகளில் இந்த விரல் பேச்சில் நசுருல்லாவை மிஞ்ச ஆளில்லை என்பார்கள். அவன் எதிரிகளும் அதையே சொல்வார்கள், கொஞ்சம் வேறு சொற்களில். கொண்டப்பநாயக்கன்பட்டியில் ஏற்காட்டு மலைப்பாதை தொடங்கும் இடத்துக்குச் சற்று உள்ளே அவன் வீடு. வீட்டுக்குப் பின்னால் ஆட்டுக் கொட்டகை. முன்னால் குட்டியானை என்று ஊர் பெயர் வைத்த சின்னச் சரக்கு வண்டி. இரண்டுக்கும் நடுவில் மனைவி ஷஹர்பானு, மகள் அஃபீபா.

அஃபீபாவுக்கு நான்கு வயது நெருங்கிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை.

காது நன்றாகக் கேட்டது. அதைப் பெரிய இயந்திரம் வைத்துப் பார்த்துவிட்டார்கள். நாலு அறை தள்ளி பிஸ்கட் பொட்டலம் பிரிகிற ஓசை கேட்டால் வந்து நிற்பாள். அதற்கு இயந்திரம் தேவையும் இல்லை. சொல்வதெல்லாம் புரிந்தது. செருப்பை எடுத்து வா என்றால் ஜோடி மாறாமல் எடுத்து வருவாள். சிரிப்பாள், அழுவாள், கோபம் வந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு முறைப்பாள். பேச்சு மட்டும் கிடையாது.

ஆனால் பேச்சு கிடையாது என்றும் ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. நசுருல்லா சந்தையிலிருந்து வந்து உட்கார்ந்ததும் அவன் தோளில் கிடக்கும் துண்டை இழுப்பாள். இரண்டு பேர் கைமேலும் போர்த்துவாள். சுண்டுவிரலைப் பிடித்தால் தண்ணீர். கட்டைவிரலைப் பிடித்தால் தூக்கு. இரண்டு விரலைப் பிடித்தால் இரண்டு பிஸ்கட். அப்பன் ஒரு விரல் காட்டினால் உள்ளங்கையைச் சுரண்டுவாள். ஒன்றரைக்கு முடியும். கடைசியில் அந்த அரை பிஸ்கட்டை உடைக்கும்போது பெரிய பாதி யார் பக்கம் என்பதற்கு இன்னொரு பேரம் நடக்கும்.

இந்தப் பெருமையை நசுருல்லா சந்தை முழுக்கச் சொல்லி வைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு மகளையும் வண்டியில் கூட்டிப் போவான். மடியில் வைத்துக்கொண்டே பேரம் பேசுவான். துண்டுக்குள் மூன்றாவதாக ஒரு சின்னக் கை நுழைந்து இரண்டு பெரிய கைகளையும் தடவி விலையைத் தெரிந்துகொண்டு வெளியே வரும். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள்.

ஷஹர்பானு சிரிக்கவில்லை. அவள் டவுனில் ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறாள். ஊரார் பெற்ற நாற்பது வாய்களைத் திறக்க வைப்பவள். தன் பிள்ளை வாயிலிருந்து அம்மா என்ற ஒரு சொல்லுக்காக நாலு வருடமாகக் காத்திருப்பவள். அவள் கேட்டது அவ்வளவுதான். மகள் டாக்டராக வேண்டாம், கலெக்டராக வேண்டாம், கூப்பிட்டால் போதும்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். இன்ஃபன்ட், இன்ஃபன்சி, இன்ஃபன்டைல், இன்ஃபன்ட்ரி என்று பார்க்க ஒரே வீட்டுப் பிள்ளைகள் போல இருக்கும் நாலு சொற்களுக்குப் பொருள் எழுதி வாக்கியத்தில் அமைக்கச் சொல்லியிருந்தாள். கைக்குழந்தை, குழந்தைப் பருவம், சிறுபிள்ளைத்தனமான, காலாட்படை என்று வரவேண்டும். கௌசிக் என்ற மாணவன், இன்ஃபன்ட்ரி அழுததால் தாய் அதற்குப் பால் கொடுத்தாள் என்று எழுதியிருந்தான். இன்னொருத்தி இன்ஃபன்ட்ரி என்பது குழந்தைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போகும் இடம் என்று எழுதியிருந்தாள். நர்சரி இருக்கும்போது இன்ஃபன்ட்ரி இருக்கக் கூடாதா என்பது அவள் நியாயம்.

நசுருல்லாவுக்கு ஒரே கொண்டாட்டம். கைக்குழந்தைக்கும் காலாட்படைக்கும் என்ன ஒட்டு உறவு, இரண்டும் நடந்து போகிற சாதி என்பதாலா என்று கேட்டான். கைக்குழந்தை எங்கே நடக்கிறது என்று அவள் திருப்பிக் கேட்டாள். திங்கட்கிழமை வகுப்பில் பிள்ளைகளும் இதையே கேட்பார்கள் என்று தோன்றியதால் செல்போனில் அகராதியைத் திறந்து சொற்களின் பூர்வீகத்தைத் தேடினாள்.

தேடியதை அவனுக்கும் படித்துச் சொன்னாள். அந்தக் காலத்தில் வீரர்கள் குதிரையில் போவார்களாம். அவர்களுக்குப் பின்னால் குதிரை ஏற வயதும் வக்கும் இல்லாத இளவட்டப் பையன்கள் நடந்து போவார்களாம். பிள்ளைகள் என்று அவர்களைக் கூப்பிட்ட பெயர்தான் கடைசியில் படைக்கே பெயராகிவிட்டதாம். நசுருல்லா நிமிர்ந்து உட்கார்ந்தான். நாம் ராவுத்தர்கள், குதிரைவீரர் என்று பெயரிலேயே இருக்கிறது, நம் வீட்டில் எவருக்கும் இந்தச் சொல் செல்லாது என்றான். அவன் பாட்டன் காலத்திலிருந்தே அந்தக் குடும்பத்தில் யாரும் ஆட்டைவிட உயரமான எதையும் வளர்த்ததில்லை என்பதை அவள் நினைவூட்டினாள். ஸ்பெயின் நாட்டு ராஜா மகளை இன்ஃபன்டா என்பார்கள் என்று அடுத்த வரியில் இருந்தது. அதை அஃபீபாவுக்கு எழுதிக்கொள் என்றான். இங்கிலாந்துக் கோர்ட்டில் ஒருகாலத்தில் வயது வராத எவனும் இன்ஃபன்ட்தான், மீசை முளைத்திருந்தாலும் சரி என்று இருந்தது. அப்படியானால் தன் தம்பி நதீமுக்கு ஆயுள் முழுக்க அதுதான் என்றான்.

அதற்கு அடுத்த வரியைப் படித்தவள் சத்தமாகப் படிக்கவில்லை. செல்போனைக் கவிழ்த்து வைத்தாள். என்ன என்று கேட்டான்.

"எல்லாத்துக்கும் வேர் ஒண்ணுதாங்க. பழைய லத்தீன் சொல்லு. பேசாதவர்னு அர்த்தம்."

கூடத்தில் அஃபீபா ஒரு ஆட்டுக்குட்டியின் காதைப் பிடித்துக்கொண்டு அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது அவளைப் பார்த்து மே என்றது.

"வயசுக் கணக்கே இல்லைங்க. பல்லு முளைச்சாலும் நடந்தாலும் ஓடினாலும், பேசற வரைக்கும் அதே பேருதான்" என்றாள் ஷஹர்பானு. பிறகு சிவப்புப் பேனாவை எடுத்துக் கௌசிக்கின் வாக்கியத்துக்குத் தவறு போட்டாள்.

மறுவாரம் நசுருல்லாவின் அக்கா கௌசியா வந்தாள். அவள் ஏற்கனவே வசம்பைச் சுட்டு நாக்கில் தடவிப் பார்த்தவள். தேன் வைத்துப் பார்த்தவள். ஓதிய தண்ணீர் கொடுத்துப் பார்த்தவள். இப்போது டவுனில் ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஒரு பெண் இருக்கிறாள், தன் மகன் ஃபர்ஹானின் சிநேகிதன் வீட்டில் ஒரு பிள்ளையைப் பேச வைத்தாள் என்ற சேதியோடு வந்தாள். வசம்பு கையிருப்பு தீர்ந்துபோனதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அந்தப் பெண்ணின் பெயர் நர்மதா. குமாரபாளையத்துக்காரி. கேள்வி கேட்பாள், மருந்து எழுதுவாள் என்று எதிர்பார்த்துப் போனவர்களுக்கு ஏமாற்றம். அவள் தரையில் உட்கார்ந்து, இறுக்க மூடிய ஒரு கண்ணாடி ஜாடியை அஃபீபா முன் வைத்தாள். உள்ளே கடலை மிட்டாய். வைத்துவிட்டுச் சும்மா இருந்தாள்.

அஃபீபா ஜாடியைத் திருகிப் பார்த்தாள். திறக்கவில்லை. நர்மதாவைப் பார்த்தாள். அவள் சிரித்தாளே தவிர அசையவில்லை. ஷஹர்பானு கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். அஃபீபா எழுந்து நேராக அப்பனிடம் வந்தாள். துண்டை இழுத்தாள், போர்த்தினாள், உள்ளே ஏதோ நடந்தது. நசுருல்லா ஜாடியை வாங்கித் திறந்து இரண்டு மிட்டாயை எடுத்துக் கொடுத்தான். எல்லாம் ஒரு இருமல் நேரத்தில் முடிந்துவிட்டது.

நர்மதா சிரித்துவிட்டாள். "சார், எத்தனைக்குப் படிஞ்சுதுங்க?"

"மூணு கேட்டா. ரெண்டுல முடிச்சேன்" என்றான் அவன். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னான்.

அவள் சொன்னதில் திட்டு ஒன்றும் இல்லை. பாப்பாவிடம் மொழி இருக்கிறது, எண்ணிக்கை இருக்கிறது, பேரம்கூட இருக்கிறது. ஆனால் விரலாலேயே எல்லாம் கிடைக்கும்போது வாயைத் திறக்க அவளுக்கு ஒரு காரணமும் இல்லை என்றாள். மிரட்டக் கூடாது, அடிக்கக் கூடாது, பசியோடு விடக் கூடாது, விரலால் கேட்டால் குற்றம் போல் பார்க்கவும் கூடாது. எல்லாவற்றையும் சத்தமாகப் பேசிக் காட்ட வேண்டும். அவள் கேட்கும் முன்பே ஓடிப்போய்ச் செய்யாமல் காத்திருக்க வேண்டும். வாரம் ஒருமுறை இங்கே வந்தால் மற்றதைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். கடைசியாக ஒரு சந்தேகம் கேட்டாள்: பேசுவது தப்பு என்று பாப்பாவிடம் யாராவது எப்போதாவது சொல்லியிருக்கிறார்களா?

அப்படி யார் சொல்வார்கள் என்றாள் ஷஹர்பானு. நசுருல்லா ஜாடியைத் திருகி மூடினான். வண்டியில் திரும்பும்போது ஐந்து ரோடு சிக்னலில்தான் வாயைத் திறந்தான்.

"நான்தான் சொல்லிட்டேன் பானு. சந்தையில மடியில வெச்சுக்கிட்டு ஒவ்வொரு வாரமும் சொல்வேன். மொதல்ல வாயைத் தொறந்தவன் தோத்தான்டா கண்ணுன்னு. வெளையாட்டுக்குத்தான் சொன்னேன்."

ஷஹர்பானு அவனைத் திட்ட ஆரம்பித்தாள், பாதியில் நிறுத்திக்கொண்டாள். பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

வீட்டில் துண்டை மேலே பரணில் போட்டார்கள். அஃபீபா கொஞ்சம் தேடினாள். பிறகு அப்பன் சட்டையின் நுனியை இழுத்துக் கைமேல் போர்த்திக்கொண்டாள். சட்டையைக் கழற்றி வைத்தால் அம்மாவின் முந்தானை இருந்தது. நர்மதா காத்திருக்கச் சொன்னாளே என்று நசுருல்லா காத்திருந்தான். அஃபீபாவும் காத்திருந்தாள். அவளுக்குக் காத்திருப்பது புதிதல்ல. அவசரக்காரன் விலையைக் கூட்டுவான் என்பதைச் சந்தையில் கண்ணால் பார்த்தவள். டம்ளரும் தண்ணீரும் நடுவில் இருக்க, அப்பனும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்து ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒவ்வொரு முறையும் அப்பன்தான் உடைவான். இருபது வருட அனுபவம் ஒரு நாலு வயதுப் பிள்ளையிடம் செல்லாக் காசாய்ப் போனது.

அப்போதுதான் அவனுக்கு ஒன்று விளங்கியது. வாயைத் திறந்தவன் தோற்பான் என்பதை அவள் அவன் சொன்னதால் மட்டும் நம்பவில்லை. அவன் தினமும் அப்படியே பிழைப்பதைப் பார்த்து நம்புகிறாள். வீட்டில் மட்டும் வாயைத் திறந்து காட்டினால் பிள்ளை ஏமாறாது. ஏமாந்தால் அது அவன் பிள்ளையே இல்லை.

அடுத்த ஞாயிறு அவன் துண்டில்லாமல் சந்தைக்குப் போனான்.

மகளைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு, ஒரு கிடாயின் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு, நடுச் சந்தையில் நின்று விலையை வாயால் கேட்டான். விற்க வந்தவர் தனக்குப் பின்னால் நிற்கும் யாரிடமோ பேசுகிறான் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தார். இவன் மறுபடியும் சத்தமாகக் கேட்டான். அவர் பதறிப்போய்த் தன் துண்டை நீட்டினார். வேண்டாங்க, வாயாலேயே சொல்லுங்க என்றான். அவர் சொன்னார், காது கேட்காதவனிடம் ரகசியம் சொல்வது போல. இவன் கட்டாதுங்க என்றான், பத்து ஆட்டுக்கு அப்பால் நிற்பவனுக்கும் கேட்கும்படி.

துண்டுக்குள் கையை உதறிச் சொல்கிற சேதி அது. அந்த விலை நமக்கு ஆகாது என்பது. அதை வாயால் சொல்லிக் கேட்டு அந்தச் சந்தைக்கு ரொம்ப நாளாகியிருந்தது.

மத்தியானத்துக்குள் பாய்க்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று பேச்சு. எடப்பாடியில் தறி ஓட்டிக்கொண்டே பக்கத்தில் ஆட்டு வியாபாரமும் பார்க்கும் காளியண்ணன் அவனைத் தேடி வந்து பார்த்துவிட்டுப் போனார். நசுருல்லாவோடு பத்து வருடம் விரல் கோத்தவர் அவர். வாய்விட்டு விலை சொல்பவனிடம் பேச அவருக்குக் கூச்சமாக இருந்தது.

வியாபாரம் சரிந்தது. ஒருவனுக்கு அவன் கொடுத்த விலை எல்லோர் காதிலும் விழுந்ததால் அடுத்தவன் அதிலிருந்துதான் ஆரம்பித்தான். சில விவசாயிகள் அவனைக் கண்டாலே ஆட்டை அந்தப் பக்கம் ஓட்டிக்கொண்டு போனார்கள். உங்ககிட்ட வித்தா என்ன வாங்கினேன்னு என் ஊட்டுக்காரிக்கு நான் போறதுக்குள்ள தெரிஞ்சு போவுதுங்க என்று சின்னான் என்பவர் வருத்தத்தோடு சொல்லிவிட்டு வேறு ஆளுக்கு விற்றார். குட்டியானை பாதி காலியாகவே திரும்ப ஆரம்பித்தது. ஷஹர்பானுவுக்கு விஷயம் கௌசியா வழியாக வந்தது. போதும், பிள்ளைக்கு நர்மதா இருக்கிறாள், நீங்கள் துண்டை எடுத்துக்கொண்டு போங்கள் என்றாள். அவன் சரி என்றான். சரி என்பது அந்த வீட்டில் பார்க்கலாம் என்பதற்கு இன்னொரு சொல். மழைக்காலம் முடிந்து வெயில் வந்த பிறகும் அவன் துண்டைத் தொடவில்லை. அஃபீபா தோளில் உட்கார்ந்து ஒரு தலையிலிருந்து இன்னொரு தலைக்குப் பார்வையை மாற்றி மாற்றி, ஆட்கள் வாயையே கவனித்தாள். ஃபேர்லேண்ட்ஸில் ஊதச் சொன்னால் ஊதினாள், உதட்டைக் குவிக்கச் சொன்னால் குவித்தாள். சத்தம் வந்தது. சொல் வரவில்லை.

மாசி மாதத்தில் ஒரு ஞாயிறு, நசுருல்லா தானே வளர்த்த ஒரு நல்ல கிடாயைக் கொண்டுபோயிருந்தான். கறுப்பு, காலில் மட்டும் வெள்ளை. அன்றைக்கு அது ஒன்றுதான் அவனுக்கு விற்பதற்கு இருந்தது. காளியண்ணன் தூரத்திலிருந்து இரண்டு முறை பார்த்துவிட்டு, மூன்றாவது முறை வந்தார். கிடாயின் பல்லைப் பார்த்தார். நசுருல்லாவின் தோளில் துண்டு இருக்கிறதா என்று பார்த்தார்.

"ஏனுங்க பாய், இன்னும் அதே சீக்குத்தானுங்களா?"

"அதேதாங்க" என்றான் நசுருல்லா.

காளியண்ணன் பெருமூச்சு விட்டார். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல், வாயால் ஒரு விலை சொன்னார். பழக்கம் இல்லாததால் குரல் கிறீச்சிட்டது. விலையும் குறைவு. நசுருல்லா கட்டாதுங்க என்றான். அவர் கொஞ்சம் ஏறினார். கட்டாதுங்க. இன்னும் கொஞ்சம் ஏறினார். இப்போது அது நியாயமான விலை. இரண்டு பேருக்கும் தெரியும். இதற்கு மேல் யாரும் தரமாட்டார்கள். கிடாயைத் திரும்பவும் வண்டி ஏற்றுவதற்கு இந்தப் பணத்தை வாங்கிக்கொண்டு போகலாம் என்று நசுருல்லா தலையாட்டப் போனான்.

"கட்டாது."

மேலேயிருந்து வந்தது. தெளிவாக, கொஞ்சம் கரகரப்பாக, யாரும் இதுவரை உபயோகிக்காத கதவு திறப்பது போல.

காளியண்ணன் முதலில் நசுருல்லாவின் வாயைப் பார்த்தார். அது மூடியிருந்தது. பிறகு தலையை நிமிர்த்தி மேலே பார்த்தார். அஃபீபா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள், விலைக்குக் காத்திருப்பவள் போல.

நசுருல்லா மகளின் இரண்டு கணுக்காலையும் இறுகப் பிடித்துக்கொண்டான், விழுந்துவிடுவோமோ என்று. அவளா அவனா என்பது வேறு விஷயம். ஆனால் வியாபாரியின் முகம் தானாக வேலை செய்கிறது. அது அசையவில்லை.

"பாய்" என்றார் காளியண்ணன் மெதுவாக. "புள்ள பேசுதுங்களா?"

"இப்பத்தாங்க."

அவர் தொண்டையைச் செருமினார். கிடாயைத் தடவினார். அதற்கு மேல் ஒரு ரூபாய்கூட அவரால் ஏற முடியாது. அது நசுருல்லாவுக்கும் தெரியும். அதே விலைக்குக் கொடுத்துவிட்டால் என்ன? கொடுக்கலாம். ஆனால் பிள்ளை முதன்முதலாக வாயைத் திறந்து ஒரு விலை ஆகாது என்று சொல்லியிருக்கிறது. அதற்கப்புறம் அப்பன் அதே விலைக்குத் தலையாட்டினால், வாயைத் திறந்தவன் தோற்றான் என்றுதான் மறுபடியும் ஆகும்.

"புள்ள சொல்லிட்டாளுங்க" என்றான். "கட்டாதுங்க."

காளியண்ணனுக்குக் கோபம் வரவில்லை. அவர் கிடாயை விட்டுவிட்டு, அஃபீபாவின் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, நல்லாயிரு சாமி என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைய ஒரே நல்ல பேரம் முறிந்தது. போன கிடாய் அப்படியே வண்டி ஏறித் திரும்பி வந்தது.

வரும் வழியெல்லாம் நசுருல்லா மகளைப் பேச வைக்கப் பார்த்தான். ஆட்டைக் காட்டினான், லாரியைக் காட்டினான், காவிரியைக் காட்டினான். அஃபீபா பார்த்தாள், அவ்வளவுதான். ஓமலூர் வந்தபோது அவனுக்குப் பயம் வந்துவிட்டது. ஒரே ஒரு தடவைதானோ? தப்பித் தவறி வந்ததோ? ஷஹர்பானுவுக்குப் போன் செய்ய எடுத்தவன் செய்யாமல் வைத்துவிட்டான். இல்லாததை இருக்கிறது என்று சொல்லி விற்கும் தொழிலில் இருந்தவன். இந்த ஒன்றை மட்டும் கையில் இல்லாமல் சொல்லத் துணியவில்லை.

வீட்டில் ஷஹர்பானு நெய்ச்சோறும் முட்டைக் குழம்பும் வைத்திருந்தாள். கிடாய் இறங்குவதைப் பார்த்தாள். அவன் கை கழுவிவிட்டு வந்து சுவரோரமாக உட்கார்ந்துகொண்டான். அவள் மகள் தட்டில் சோறு வைத்து, முட்டையில் ஒரு பாதியை எடுத்துப் போட்டாள். நர்மதா சொல்லிக் கொடுத்தபடி ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொன்னாள். இது சோறு. இது முட்டை. அரை முட்டை போதுமா? கேட்டுவிட்டு, வழக்கம்போலக் காத்திருந்தாள். பதில் வரும் என்று அல்ல, காத்திருக்கச் சொன்னதால்.

அஃபீபா தட்டைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள்.

"கட்டாது."

ஷஹர்பானுவின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. அவள் கணவன் பக்கம் திரும்பினாள். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். கண் நிறைந்திருந்ததால் அவனுக்குச் சுவரும் தெரியவில்லை. நீங்கள் சொல்லிக் கொடுத்தீர்களா என்று அவள் கேட்கவில்லை. ஏன் முதலில் அம்மா என்று வரவில்லை என்று அவளுக்குத் தோன்றவும் இல்லை. அவள் மகளிடமிருந்து இப்படி ஒரு சேதி நேராக, நடுவில் துணி இல்லாமல், வருவது இதுதான் முதல் தடவை.

குழம்புச் சட்டியில் இன்னும் மூன்று முட்டைகள் இருந்தன. ஒன்றை எடுத்து முழுதாக வைத்திருக்கலாம். ஷஹர்பானு கையை நீட்டி, தட்டில் இருந்த அரை முட்டையையும் இரண்டாகப் பிய்த்து, ஒரு துண்டைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

"அப்ப கால் முட்டை?" என்றாள்.

"கட்டாது."

அவள் அந்தக் கால் முட்டையையும் இரண்டாகப் பிய்த்தாள்.

"இது?"

"கட்டாது" என்றாள் அஃபீபா, இந்தத் தடவை கோபத்தோடு.

நசுருல்லா திரும்பிப் பார்த்தான். பிறந்ததிலிருந்து பேரத்துக்கு நடுவிலேயே வளர்ந்தவன். விலையை ஏற்றுபவர்களைப் பார்த்திருக்கிறான், இறக்குபவர்களைப் பார்த்திருக்கிறான், நடுவில் எழுந்து போவது போல் நடிப்பவர்களையும் பார்த்திருக்கிறான். பேரம் படிந்துவிடக் கூடாதே என்று பயந்து பயந்து, ஒவ்வொரு முறையும் குறைத்துக்கொண்டே போகிற ஒருத்தியை அன்றுதான் பார்த்தான்.